ஓப்பா போய்விட்டார்

அன்பு மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மூத்தவள் பல்கலைக்கழகம் போகிறாள், சின்னவனுக்குப் பல்லுக்குக் கம்பி போட்டிருக்கிறது. உன் முழங்கால் எப்படி? நீ இன்னும் அந்தச் சமையலறையில் பத்து மணி நேரம் நிற்கிறாய் என்று அக்கா சொன்னா. கேட்டதும் கோபம்தான் வந்தது. அந்தச் சண்டையை ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் வைத்துக்கொள்வோம்.

இது தொலைபேசியில் சொல்லக்கூடியது இல்லை. போன மாதம் ஓப்பா போய்விட்டார். 87 வயது. நான் சனி ஞாயிறுகளில் பால் கறக்கப் போகும் பண்ணையின் பெரியவர். டச்சுக்காரர்கள் தாத்தாவை ஓப்பா என்பார்கள். பேரப்பிள்ளைகள் கூப்பிட்டதைக் கேட்டு நானும் அப்படியே பதினாறு வருடம் கூப்பிட்டேன்.

வேலை கேட்டுப் போன முதல் நாள், எந்த ஊர் என்றார். யாழ்ப்பாணம் என்றேன். அவருக்குத் தெரியவில்லை. உங்கள் ஆட்கள் 1658 முதல் 1795 வரை அங்கே இருந்தார்கள், கோட்டையை இப்போதும் ஒல்லாந்தர் கோட்டை என்றுதான் சொல்கிறோம் என்றேன். முகம் சிவந்துபோனார். அப்புறம் தீவுகளுக்கு அவர்கள் வைத்த பெயர்களைச் சொன்னேன். காரைதீவு அம்ஸ்ரர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட், அம்மாவின் புங்குடுதீவு மிடில்பேர்க். மிடில்பேர்க் என்றதும் மனுசன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அது அவர் பிறந்த சீலாந்து மாகாணத்தின் தலைநகர். "அப்படியென்றால் உன் அம்மா எங்கள் ஊர்க்காரி" என்றார். அடுத்த சனிக்கிழமையே கொட்டிலுக்குள் நின்றேன்.

1954-இல் தாய் தகப்பனோடும் ஏழு சகோதரங்களோடும் குரோட்டே பேர் என்ற கப்பலில் கனடாவின் ஹலிபாக்ஸ் துறைமுகத்துக்கு வந்து இறங்கியவர். போர் முடிந்த பிறகு நெதர்லாந்தில் நிலம் இல்லை, வீடு இல்லை, கனடாவில் பண்ணைக்கு ஆள் இல்லை. 1947-இலிருந்து குடும்பம் குடும்பமாக ஏற்றினார்கள். காசை வெளியே கொண்டுபோக அந்த அரசு விடாது என்பதால் சனங்கள் இருந்ததையெல்லாம் சாமானாக மாற்றி, ஒரு பெரிய மரப்பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். கிஸ்ட் என்பார்கள் அதை. ஓப்பா வீட்டுப் பெட்டிக்குள் கட்டில், அடுப்பு, தையல் மெஷின், எட்டுப் பிள்ளைகளுக்கும் மரச் செருப்பு. இங்கே வந்த பிறகு அந்தப் பெட்டியே கோழிக்கூடு. கோழிக்கூடு உடைந்ததும் அதே பலகை கன்றுக்குட்டிகளின் மறைப்பு. "கனடா" என்று தகப்பன் தீந்தையால் எழுதிய எழுத்தில் பாதி, எந்தக் கன்று நக்கியும் அழியாமல் இன்னும் அங்கே இருக்கிறது.

முதல் வருடம் ஒரு கனடாக்காரரின் பண்ணையில் தகப்பனுக்கு மாதம் 75 டொலர். பிள்ளைகள் சீனி எடுக்கும் பீட் கிழங்கு வயலில் குனிந்தபடி. ஓப்பா தனக்கென்று நூறு ஏக்கரும் பதினான்கு மாடுகளும் வாங்கியது 1961-இல். காலை நாலரை, மாலை நாலரை. அதற்குப் பிறகு அவர் வெளியூரில் தூங்கிய இரவுகளை விரலில் எண்ணலாம். மாடுகள் எல்லாம் கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன். அவற்றின் பூட்டன் பூட்டிகளும் ஒல்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவைதான் என்று சொல்லித் தடவிக்கொடுப்பார். பக்கத்து வுட்ஸ்ரொக்கில் ஒரு பசுவுக்கு 1937-இல் வைத்த சிலை நிற்கிறது தெரியுமா? வாழ்நாளில் 9,062 இறாத்தல் வெண்ணெய்க்கொழுப்புக் கொடுத்த பசு. அந்தச் சிலையைத் தாண்டும்போதெல்லாம் ஓப்பா தொப்பியைத் தூக்குவார், விளையாட்டுக்கு அல்ல.

நான் சொல்ல வந்தது கயிற்றின் கதை.

அவருடைய கொட்டிலில் மாட்டின் சங்கிலி நேராகக் கழுத்துப் பட்டியில் கொளுவி இருக்காது. இரண்டுக்கும் நடுவில் வைக்கோல் கட்டுகிற கயிறு ஒரு சுற்று இருக்கும். ஐந்து மாட்டுக்கு ஒரு கத்தி ஆணியில் தொங்கும். நெருப்புக்குப் பயந்து செய்திருக்கிறார் என்று நினைத்தேன். மரக் கொட்டில், மேலே முழுக்க வைக்கோல். ஒரு மாடு அடிக்கடி கயிற்றை அறுத்துக்கொண்டு திரிந்ததால், ஒருநாள் நானாகக் கயிற்றை எடுத்துவிட்டு நல்ல இரும்புக் கொளுக்கி போட்டேன். பதினாறு வருடத்தில் அன்றைக்கு மட்டும்தான் என்னை ஏசினார். கை நடுங்க அந்தக் கொளுக்கியைக் கழற்றிக் குப்பையில் எறிந்தார். பிறகு கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

1953, ஜனவரி 31 சனிக்கிழமை இரவு. வடமேற்குப் புயலும் கடல் பெருக்கும் ஒன்றாக வந்து அணைகளை உடைத்துவிட்டன. அவருக்குப் பதினைந்து வயது, சீலாந்தின் ஸ்கௌவன் தீவில் இருந்தார்கள். தகப்பன், மாடுகளை அவிழ்த்துவிட்டு வா என்று அனுப்பினார். பதினொரு மாடு. முழங்கால் அளவு ஐஸ் தண்ணீர். மாடுகள் மிரண்டு பின்னுக்கு இழுத்தன. இழுபடுகிற சங்கிலியின் கொளுக்கி திறக்காது மச்சான், உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாலு மாட்டை விட்டார். அதற்குள் தண்ணீர் இடுப்புக்கு மேலே வர, தகப்பன் வந்து தலைமயிரில் பிடித்து மேல்மாடத்துக்கு இழுத்துப்போனார். மற்ற ஏழின் சத்தமும் ஒவ்வொன்றாக நிற்கும் வரைக்கும் அந்தப் பலகைக்கு மேலேயே கிடந்தார்கள். ஞாயிறு மத்தியானம் இரண்டாவது பெருக்கு வந்து, மிஞ்சியிருந்த வீடுகளையும் கொண்டுபோனது. 1,836 பேர் செத்தார்கள்.

ஒன்ராறியோவில், கடல் எட்டாத ஒரு மேட்டில், அறுபது வருடமாக அவர் அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். தேய்ந்துவிட்டதா என்று ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

அன்றைக்குத்தான் உன்னைப் பற்றிச் சொன்னேன். 1995 ஒக்ரோபர் 30, போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு. மழை, இருட்டு, நாவற்குழிப் பாலம் வரைக்கும் சனம். எங்கள் மாடு சிவப்பியைக் கட்டினபடியே விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று அம்மா தெருவில் குந்தியிருந்து அழுததும், நீ சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அவ்வளவு சனத்துக்கும் எதிராகக் கோண்டாவிலுக்குப் போனதும், அடுத்த நாள் மத்தியானம் சாவகச்சேரிக்கு வந்து "அவிட்டு விட்டிட்டன்" என்ற ஒரு சொல்லோடு தூங்கிப்போனதும். மகன் நான் நின்றேன், போனது நீ. அதை உன்னிடம் இதுவரை வாய்திறந்து சொன்னதில்லை.

ஓப்பா கனநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், அந்தப் பையன் இப்போது எங்கே? பாரிஸில் என்றேன். "சீலாந்தில் நாலு மாட்டை மட்டும் அவிழ்த்த ஒருவன் அவனுக்கு வணக்கம் சொன்னான் என்று சொல்." அடுத்த கிழமை, சொன்னாயா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். என்ன சொன்னான்? சிரித்தான் என்றேன். ஒவ்வொரு வருடமும் கேட்டார். ஒவ்வொரு வருடமும் பொய் சொன்னேன். அந்த இரவைப் பற்றிப் பேச்செடுத்தால் நீ எழும்பிப் போய்விடுவாய் என்று பயம். கேட்காமல் விட்டு விட்டே முப்பது வருடம் போய்விட்டது.

சேர்ச் நிறைந்திருந்தது. பிரசங்கம் தொடங்கியதும் பெப்பர்மின்ட் பொட்டலம் வரிசை வரிசையாகக் கைமாறி வந்தது, அது அவர்களுடைய வழக்கம். எனக்கும் ஒன்று வந்தது. மாடுகளை மகன் விற்கப்போகிறார். ஒரு மாட்டுப் பால் விற்கும் கோட்டா உரிமையே ஏறக்குறைய 24,000 டொலர் போகிற ஒன்ராறியோவில், பேரன் அந்தக் கடனுக்குள் இறங்க மாட்டேன் என்கிறான், அவனைப் பிழை சொல்ல முடியவில்லை. 1970-இல் கனடாவில் ஒரு லட்சத்துக்கும் மேலாக இருந்த பால் பண்ணைகள் இப்போது பத்தாயிரம்கூட இல்லை. கொட்டில் காலியாகிவிடும் என்று நினைத்தாலே எனக்கு நித்திரை வருவதில்லை.

கத்திகளில் ஒன்றை மகன் எனக்குத் தந்தார். அது உனக்கு. நீ வரும்போது தருவேன், தபாலில் அனுப்ப மாட்டேன்.

இன்னொன்று. உன் வீட்டிலிருந்து கார் நாலைந்து மணி நேரத்தில் சீலாந்துக்குப் போகும். ஔவர்கெர்க் என்று ஒரு ஊர். 1953 நவம்பர் 6 இரவு, கடைசி உடைப்பை அங்கேதான் பெரிய கொங்கிறீட் பெட்டிகளை இறக்கி மூடினார்கள். அந்தப் பெட்டிகளுக்குள்ளேயே இப்போது வெள்ளத்தின் நினைவாக அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். கோடை லீவில் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார். போய் வந்து எனக்கு எழுது. அப்படியே, அன்றைக்கு இரவு நீ போனபோது சிவப்பி நின்றுகொண்டிருந்தாளா, படுத்திருந்தாளா, எந்தப் பக்கம் போனாள் என்றும் எழுது. அம்மா சாகும்வரை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தா.

உன்
மச்சான்