160 ஏக்கருக்குப் பத்து டாலர்

அன்புள்ள அப்பாவுக்கு,

போன ஞாயிறு போனில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "ஆளுக்கு ஆயிரம் ஏக்கர், ரெண்டாயிரம் ஏக்கர் என்கிறாயே, அதெல்லாம் முதலில் யார் நிலம், யார் பட்டா கொடுத்தது?" என்றீர்கள். இங்கே யாரும் இப்படி நேராகக் கேட்பதில்லை. நான் இருக்கும் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் சராசரிப் பண்ணையே இப்போது 1,700 ஏக்கருக்கு மேல் இருக்கிறது, அதன் கதை போனில் சொல்லித் தீராது. நிதானமாகப் படியுங்கள், அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் ஊர் யார்க்டன் பக்கம் காரில் போனால் சாலை ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராகப் போய்க்கொண்டே இருக்கும். வடக்கு தெற்காக ஓடுவது மைலுக்கு ஒன்று, கிழக்கு மேற்காக ஓடுவது இரண்டு மைலுக்கு ஒன்று. எல்லாம் 1871-ல் தொடங்கிய சர்வேயின் வேலை. குடியேற ஆள் வருவதற்கு முன்பே புல்வெளியை 640 ஏக்கர் சதுரங்களாகப் பிரித்து எண் போட்டுவிட்டார்கள். 1872-ல் வந்த சட்டப்படி, பத்து டாலர் கட்டினால் அந்தச் சதுரத்தில் கால் பங்கு, அதாவது 160 ஏக்கர், உங்கள் பெயரில் பதிவாகும். ஆனால் உடனே பட்டா கிடையாது. மூன்று வருஷம், வருஷத்துக்கு ஆறு மாதமாவது அங்கேயே குடியிருக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், உழுது பயிர் வைத்துக் காட்ட வேண்டும். பத்தில் நாலு பேர் வரை பட்டா வாங்காமலே விட்டுவிட்டுப் போனார்கள் என்று ஒரு கணக்கு சொல்கிறது. கல்யாணமான பெண் தன் பெயரில் கேட்க முடியாது, கல்யாணமாகாதவளும் முடியாது, பிள்ளைகளோடு விதவையாக நின்றால் மட்டும் உண்டு. இதற்கு அம்மா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

ஏழைகளுக்குத்தான் எல்லாம் போனது என்று நினைத்துவிடாதீர்கள். ரயில் பாதை போட்ட கம்பெனிக்கு இரண்டரைக் கோடி ஏக்கரும் இரண்டரைக் கோடி டாலரும் போயின.

முதலில் ஆள் அவ்வளவாக வரவில்லை. 1896-ல் மந்திரியான கிளிஃபர்ட் சிஃப்டன்தான் கிழக்கு ஐரோப்பா பக்கம் வலை வீசினார். பரம்பரையாக மண்ணில் உழைத்தவன், ஆட்டுத்தோல் கோட்டு, உடல் வலுவுள்ள மனைவி, அரை டஜன் பிள்ளைகள், அதுதான் நல்ல சரக்கு என்று பிற்பாடு அவரே எழுதினார். மாடு பிடிக்கிற பேச்சுதான், ஆனால் பலித்தது. இப்போது சஸ்காட்செவன் இருக்கும் பகுதியில் 1901-ல் சுமார் 91,000 பேர், 1911-ல் நாலே முக்கால் லட்சத்துக்கும் மேல்.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார், உக்ரைன் வழி வந்தவர், பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார். அவருடைய பாட்டி கைக்குழந்தையோடு வந்து இறங்கியபோது வீடு என்று எதுவும் இல்லையாம். மேட்டுச் சரிவில் குழி தோண்டி, மேலே கம்பு அடுக்கி, புல்வேரோடு பாளம் பாளமாக வெட்டிய மண்ணைப் போட்டு மூடி, அதற்குள் முதல் குளிர்காலம். மழை விட்ட பிறகும் உள்ளே ஒழுகிக்கொண்டே இருக்குமாம். கையில் காசு வேண்டும் என்று புருஷன் ரயில் வேலைக்குப் போய்விடுவார், மைனஸ் 40-க்கு இறங்குகிற ஊரில் விறகும் பிள்ளைகளும் அவள் பொறுப்பு. குளிரைக்கூடப் பொறுத்துக்கொண்டாளாம், பேச ஆளில்லாததுதான் பெரிய கொடுமையாம். ஊரென்று சேர்ந்து வாழ்ந்த ஜனம், இங்கே சட்டப்படி அவரவர் 160 ஏக்கரில் தனித்தனியாகக் குடியிருக்க வேண்டியதாயிற்று. அடுத்த வீட்டு விளக்கு தெரிந்தாலே அதிர்ஷ்டம்.

இந்தச் சதுரக் கணக்கை ஏற்காத கூட்டமும் உண்டு. ரஷ்யாவிலிருந்து 1899-ல் சுமார் 7,500 பேர் வந்தார்கள், டூகபோர் என்று பெயர், ஆயுதம் தொடமாட்டோம் என்பவர்கள். கிராமமாகச் சேர்ந்து வாழ்ந்து, நிலத்தையும் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். ஆண்கள் கூலி வேலைக்குப் போயிருந்தபோது மாடு போதாமல் பெண்களே ஏர் இழுத்தார்கள், அந்தப் போட்டோவை நானே பார்த்திருக்கிறேன். அப்படி உழுத நிலத்தில் பெரும்பகுதியை 1907-ல் அரசாங்கம் திருப்பி எடுத்துக்கொண்டது. ஆளுக்கு ஆள் தனிப் பெயரில் பதிந்து ராஜாவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவில்லை என்பதுதான் காரணம். பாதிக்கும் மேலானவர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போய்விட்டார்கள்.

சரி, முதலில் யார் நிலம்? யார்க்டன் இருப்பது கிரீ, சோட்டோ என்ற பூர்வகுடி மக்களின் பூமி. 1670-லிருந்து ஒரு லண்டன் வியாபாரக் கம்பெனி இங்கிலாந்து ராஜா எழுதிக் கொடுத்ததை வைத்து இதற்குச் சொந்தம் கொண்டாடியது, கடைசியில் 3,00,000 பவுண்டுக்குக் கனடாவிடம் கைமாற்றியது. நிலத்தில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. பிறகு 1874-ல் அவர்களோடு நாலாம் ஒப்பந்தம் என்று ஒன்று போட்டார்கள். பகிர்ந்து வாழச் சம்மதித்தோம் என்கிறது அவர்கள் தரப்பு, நிலத்தையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்கிறது காகிதம். அடுத்த சில வருஷங்களில் அவர்களுக்குச் சோறு போட்ட காட்டெருமை மந்தைகளே இல்லாமல் போயின. புதிதாக வந்தவர்கள் வயலில் கிடந்த எருமை எலும்பைப் பொறுக்கி, வண்டி வண்டியாக ரயிலடியில் விற்றார்கள், பலருக்கும் இந்த மண்ணில் கிடைத்த முதல் காசு அதுதான்.

நீங்கள் விவசாயி, இதைக் கேட்டால் கொதிப்பீர்கள். ஒப்பந்தப்படி தங்களுக்கு ஒதுக்கிய நிலத்தில் அந்தப் பூர்வகுடி மக்கள் கோதுமை போட்டு நன்றாக வந்தபோது, அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் போட்டி என்று முறையிட, 1889 வாக்கில் இயந்திரம் வாங்கக் கூடாது, கைக்கருவி போதும் என்று கொள்கை போட்டார்கள். தான் விளைவித்ததை விற்கவும் அதிகாரியிடம் பர்மிட் வாங்க வேண்டும்.

நம் பக்கத்து ஆட்களுக்கோ வாசலிலேயே தடை. சொந்த நாட்டிலிருந்து நேராக ஒரே பயணமாக வர வேண்டும், கையில் 200 டாலர் வேண்டும் என்று 1908-ல் விதி. 1914-ல் கோமகாட்டா மாரு கப்பலில் வந்த 376 பேரை, பெரும்பாலும் பஞ்சாபிகள், இரண்டு மாதம் வான்கூவர் துறைமுகத்தில் காக்க வைத்து, சிலரைத் தவிர மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதே வருஷங்களில்தான் இங்கே பத்து டாலருக்கு 160 ஏக்கர்.

பட்டா விவகாரம் இன்னும் முடியவில்லை அப்பா. ஒப்பந்தத்தில் சொன்ன நிலத்தைக்கூட முழுசாகக் கொடுக்கவில்லை என்று வழக்கும் பேச்சும் நடந்து, 1992-ல் ஓர் உடன்பாடு வந்தது. அதில் கிடைக்கும் பணத்தை வைத்து, விற்க விரும்புகிறவர்களிடம் அந்த மக்களே கிரயம் கொடுத்து நிலம் வாங்கிக்கொள்ள வேண்டும். தங்கள் பாக்கியைத் தாங்களே சந்தை விலைக்கு வாங்குகிறார்கள்!

மகசூல் கேட்டீர்கள், அதை அறுவடை முடிந்ததும் விசாரித்து எழுதுகிறேன். இந்தப் பக்கம் பெரும்பாலும் மானாவாரிதான், கோதுமையும், எண்ணெய் எடுக்கிற கனோலாவும். முழங்கால் வலியைத் தள்ளிப்போடாமல் அண்ணனைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்