மலர் மாடத்துக்கு அப்பாலும் பூங்கா இருக்கிறது

உதகை அரசு தாவரவியல் பூங்காவைப் பேணிவரும் தோட்டக்கலைத் துறையினருக்கும், கோடை விழாவை நடத்தும் நீலகிரி மாவட்ட நிர்வாகத்தினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நான் உதகையில் பிறந்து வளர்ந்து, இம்மலையின் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் தந்தையார் தோட்டப் பணியாளராக இருந்தவர். மே மாதத்து மலர்க்காட்சி உண்மையில் உறைபனிக் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதைச் சிறுவயதிலேயே வீட்டில் இருந்து கண்டவன் என்பதால், அடுத்த கோடைக்கான நாற்றுகள் பாத்தியில் இறங்குவதற்கு முன்பே இம்மடல் தங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

என் வேண்டுகோள் இதுதான். மலர்க்காட்சி நடக்கும் நாட்களுக்காக ஆண்டுதோறும் தாங்கள் செலுத்தும் உழைப்பில் ஒரு சிறு பங்கையாவது, பூங்காவில் ஏற்கெனவே வேரூன்றி நிற்பவற்றை வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்வதற்கென ஒதுக்குங்கள்; அதைத் தமிழில் செய்யுங்கள்; ஏப்ரல் முதல் ஜூன் வரை, கோடை முழுவதும் செய்யுங்கள்.

மலர்க்காட்சியைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. 1896இல் தொடங்கி, 2025இல் 127ஆவது முறையாக நடந்த காட்சி அது. அதன் நூற்றாண்டு நினைவாக 1995இல் உருவான ரோஜாப் பூங்கா, 2006இல் ஜப்பானின் ஒசாகாவில் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு அளித்த சிறப்பு விருதைப் பெற்றபோது, இந்த ஊரில் மகிழாதவர் இல்லை. மாடங்களில் அடுக்கடுக்காக நிற்கும் பான்சி, பெட்டூனியா, சால்வியா, பிகோனியா, டேலியா ஆகியவற்றின் பின்னால் எத்தனை விடியற்காலைகள் இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் இளஞ்செடிகளின் மேல் கோத்தகிரி மிலார்த் தழைகளைப் போர்த்தி வைப்பதும், போர்த்தியும் பனி படிந்துவிட்டால் வெயில் ஏறுமுன் தண்ணீர் தெளித்து அதைக் கரைப்பதும், விரல்கள் விறைத்த நிலையில் அப்பா வீடு திரும்பி அடுப்பருகே உட்காருவதும் இன்றும் கண்முன் நிற்கின்றன. அந்த உழைப்பைப் பார்த்தவன் மலர்த்தொட்டியை எளிதாகக் கடந்து போக மாட்டான்.

ஆயினும், அந்த மாடங்களைப் பார்த்து, மலர்களால் அமைத்த உருவத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு, புல்மைதானத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் புறப்படுகிறவர்களே மிகுதி. சுமார் 22 ஹெக்டேர் பரப்பில், தொட்டபெட்டாச் சரிவில் படிப்படியாக ஏறிச் செல்லும் பூங்காவின் பெரும்பகுதியை அவர்கள் பார்ப்பதே இல்லை. பார்த்தாலும், எதைப் பார்க்கிறோம் என்று சொல்ல அருகில் ஆள் இருப்பதில்லை.

ஒரு மே மாதத்து முற்பகலில் நடந்ததைச் சொல்கிறேன். திருப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், குரங்கு ஏறாத மரம் என்று இங்கே சொல்லப்படும் அரகேரியாவின் கீழ் நின்றிருந்தது. எட்டு வயதிருக்கும் பேரன், "ஏன் ஆத்தா ஏறாது?" என்று பாட்டியைக் கேட்டான். பாட்டி என்னைப் பார்த்தார். ஆண்டீஸ் மலைச்சரிவில், சிலி, அர்ஜென்டினா நாடுகளில் வளரும் மரம் இது. அதன் சொந்தக் காடுகளில் குரங்கே கிடையாது. தடித்து, கூராக, கிளையைச் சுற்றிச் செதில்போல் நெருங்கியிருக்கும் இந்த இலைகள் பத்தாண்டுக்கு மேலும் உதிராமல் நிற்கும் என்று சொன்னேன். பையன் கீழே கிடந்த ஓர் இலையை எடுத்து நுனியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினான். அதன்பின் அவர்கள் என்னை விடவில்லை. தக்கை மரத்துக்கு அழைத்துப் போனேன். மருந்துப் புட்டியை மூடும் தக்கை ஓர் ஓக் வகை மரத்தின் பட்டை என்பதும், போர்ச்சுகல், ஸ்பெயின் நாடுகளில் மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் உரித்து, அது மீண்டும் வளர ஒன்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் காத்திருப்பார்கள் என்பதும் அந்தப் பாட்டிக்குப் பெரும் வியப்பாக இருந்தது. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையுடைய கல்மரத்தின் முன்னால் பையன் நெடுநேரம் பேசாமல் நின்றான். ஒன்றரை மணி நேரம் எப்படிப் போயிற்று என்றே தெரியவில்லை. இதற்கு எந்தச் செலவும் ஆகவில்லை. சொல்வதற்கு ஒருவர் இருந்தார் என்பதே வேறுபாடு.

ஆகவே, நுழைவாயிலுக்கு அருகே "இந்த வாரம் பூங்காவில்" என்ற தலைப்பில் ஒரு கரும்பலகை வையுங்கள். அச்சிட்ட விளம்பரப் பலகை வேண்டாம். வாரந்தோறும் அழித்து எழுதக்கூடிய பலகையே போதும். எது மொட்டு விட்டிருக்கிறது, எது காய்த்திருக்கிறது, எந்தப் பறவை கூடு கட்டியிருக்கிறது, எந்தப் பாதையில் போனால் இவற்றைக் காணலாம் என்று நான்கு வரிகள் எழுதினால் மக்கள் தேடிப் போவார்கள். எழுதுவதற்குச் செய்தி இல்லாமல் போகாது. ஹைட்ரேஞ்சியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வகைச் செடி, புளிப்புத்தன்மை மிகுந்த மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகவும், காரத்தன்மை உள்ள மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூக்கிறது. வெள்ளைப் பூ வகைகள் மட்டும் மாறுவதில்லை. வேதியியல் வகுப்பில் மனப்பாடமாக இருந்த பாடம் இங்கே பாத்தி ஓரத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. பெரணி இலையின் அடியில் வரிசையாக இருக்கும் வித்துப் பொட்டுகளை நோய் என்று எண்ணிக் கிள்ளி எறிகிற பிள்ளைகள், பெரணி பரவுவதற்கான தூள் போன்ற வித்துகள் (ஸ்போர்கள்) அவற்றில்தான் இருக்கின்றன என்று தெரிந்தால் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

பூங்காவின் வேலிக்கு வெளியே இருப்பதையும் அந்தப் பலகை சொல்லலாம். குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் ஜெகரண்டா பூத்து வழியெல்லாம் ஊதா உதிர்ந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் அனைவரும் மேலே ஏறி வருகிறார்கள். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம் என்பதும், நீலகிரித் தைலம் என்று ஊரெல்லாம் விற்கும் தைலத்தைத் தரும் கற்பூர மரமே (யூகலிப்டஸ்) ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்பதும், வாட்டில் எனப்படும் சீகை மரமும் அப்படியே என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான், இந்த மலைக்கே உரியது எது என்ற கேள்வி அவர்களுக்குள் எழும். கோடை வருமுன்னே தொட்டபெட்டாவில் இரத்தச் சிவப்பாகப் பூத்து ஓயும் காட்டுப்பூவரசு (ரோடோடெண்ட்ரான்), பருவமழைக்கு முன் சோலை மரங்களின் உச்சியில் செந்தளிர் விடும் அழகு, சோலையோரத்து மரப்பெரணி, வீட்டுக் குழந்தைகள் வாயெல்லாம் ஊதாவாகத் தின்று திரியும் தவிட்டுப் பழம், 2006இலும் 2018இலும் பூத்து, இனி 2030இல் பூக்க இருக்கும் குறிஞ்சி ஆகியவைதான் அதற்கான விடை. யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்ற நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தை இந்திய அரசு 1986இல் நாட்டின் முதலாவது உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது என்று பாடநூலில் படிக்கும் மாணவர், அந்தப் பெருமைக்குக் காரணமான ஒரு செடியையாவது தொட்டுப் பார்க்க வேண்டாமா?

இதற்காக மலர்க்காட்சியின்போதே ஒரு மாடத்தைச் சோலைக்கும் புல்வெளிக்கும் கொடுங்கள். 2024இல் மலர்களால் மலை ரயிலை அமைத்தபோது கூட்டம் எவ்வளவு நெருங்கியது என்பதைக் கண்டோம். அதே அக்கறையுடன் மலைப்புல்லையும் சோலை நாற்றுகளையும் வைத்து, மழைநீரைப் புல்வெளியும் சோலையும் பிடித்துவைத்து ஓடைகளில் மெதுவாக விடுவதால்தான் சமவெளி ஆறுகளுக்குக் கோடையிலும் தண்ணீர் போகிறது என்று காட்டினால், கீழேயிருந்து வரும் உழவர்கள் அந்த மாடத்தை விட்டு நகர மாட்டார்கள். பூங்காவுக்கு மேலேயே தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து இருக்கிறது. எருமைகளை மேய்த்து அந்தப் புல்லுடன் வாழ்ந்தவர்கள் அவர்கள். எந்தப் புல் எதற்கு என்று அவர்களிடம் கேட்டு, அவர்கள் இசைவோடும் அவர்கள் சொற்களோடும் அந்த மாடத்தை அமைப்பதே முறை.

பெயர்ப் பலகைகளைப் பற்றி ஒரு சொல். மரத்தின் தாவரவியல் பெயரும் குடும்பப் பெயரும் ஆய்வாளருக்குப் போதும். மற்றவர்களுக்கு, தமிழில் வழங்கும் பெயர், வந்த நாடு, பூக்கும் மாதம், ஒரு வரிச் செய்தி ஆகியவை பெரிய எழுத்தில் வேண்டும். தமிழ்ப் பெயர் இல்லாத மரத்துக்கு வலிந்து ஒன்றைப் புனைய வேண்டியதில்லை. ஜெகரண்டா ஜெகரண்டாவாகவே இருக்கட்டும். ஆனால், காட்டுப்பூவரசு என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கும்போது அதை விட்டுவிடக் கூடாது. படகர், தோடர், கோத்தர் வழங்கும் பெயர்களும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

பூங்காவை நடந்து காட்டுவதற்கு வெளியாட்களைத் தேட வேண்டாம். தோட்டப் பணியாளர்களே போதும். எந்தச் செடிக்கு எப்போது கவாத்து, எந்த விதை எத்தனை நாளில் முளைக்கும், நீலகிரிச் சிரிப்பான் எந்தப் புதரில் இருந்து கத்தும் என்பதை அவர்களைப் போல் அறிந்தவர் இல்லை. கூட்டம் சேருமுன் காலை நேரத்தில், இருபது பேருக்கு மிகாத குழுக்களாக அழைத்துச் செல்லலாம். அந்த நேரத்தை அவர்களுடைய பணி நேரமாகக் கணக்கிட்டு, உரிய மதிப்பூதியமும் கொடுங்கள். ஏற்கெனவே சுமக்கும் வேலைக்கு மேல் இன்னொரு சுமையாக இது ஆகிவிடக் கூடாது. நாற்பது ஆண்டுகள் தொட்டி சுமந்த என் தந்தையிடம் எந்தப் பார்வையாளரும் ஒரு செடியைப் பற்றிக் கேட்டதில்லை. அவர் சொல்லியிருக்கக் கூடியது எவ்வளவோ.

இந்த மலையின் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடை விழா சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கே என்ற எண்ணம் இங்கே பலருக்கு உண்டு. எஸ்டேட் லயன் வீடுகளிலும் படகர் ஊர்களான ஹட்டிகளிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு மே மாதம் பள்ளி விடுமுறை; பெற்றோருக்கு விடுமுறை இல்லை. ஒரு வாரம், காலையில் இரண்டு மணி நேரம், விதை போடவும், நாற்றைத் தொட்டிக்கு மாற்றவும், உதிர்ந்த இலைகளைச் சேர்த்து அழுத்தி வைக்கவும், கண்ணாடி மாளிகையில் ஒரு செடியை உற்றுப் பார்த்து வரையவும் கற்றுக்கொடுத்தால் போதும். இந்தப் பூங்காவின் தொடக்கமே ஒரு காய்கறித் தோட்டம்தான்: 1840களில் உதகையில் குடியிருந்த ஐரோப்பியர்கள் மாதச் சந்தா போட்டுக் காய்கறி விளைவிக்க முயன்றார்கள், அது நிலைக்கவில்லை, அதன்பின் 1848இல், கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் வந்து பூங்காவை வடிவமைத்தார். இன்று கேரட்டும் பீட்ரூட்டும் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். பூங்கா அவனுக்கும் உரியதாகிவிடும்.

கடைசியாக, கூட்டத்தைப் பற்றி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல், மலைக்கு வரும் வாகனங்கள் இணையத்தில் முன்பதிவு செய்து அனுமதி பெறும் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் முடிய நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதிகளில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. 2024 ஏப்ரல் இறுதியில் உதகையிலேயே வெப்பம் 29 டிகிரி செல்சியசைத் தொட்டது. மலை தாங்கக்கூடிய அளவு சிறிது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்ட நிலையில், எல்லோரையும் மலர்க்காட்சி நடக்கும் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கே வரச் சொல்வது சரியாகாது. ஏப்ரலில் இதைப் பார்க்கலாம், ஜூன் சாரலில் பாசியும் பெரணியும் துளிர்ப்பதைப் பார்க்கலாம், செப்டம்பரில் இரண்டாம் சீசன் இருக்கிறது என்று பூங்காவே முன்கூட்டிச் சொன்னால் வருகை பரவும். மிதிபட்டுத் தேயும் புல்மைதானத்துக்கும் ஓய்வு கிடைக்கும்.

கரும்பலகையையும் பெயர்ப் பலகைகளையும் எழுதும் வேலைக்கு, என்னைப் போல் ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்கள் சிலர் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம். வாரத்தில் ஒரு காலை, திங்கட்கிழமையாயினும் சரி, தாங்கள் குறிக்கும் வேறு நாளாயினும் சரி, ஏழு மணிக்கு வாயிலருகே வந்துவிடுவோம். அனுமதியும், கூட நடந்து வர ஒரு தோட்டப் பணியாளரும் மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
உதகமண்டலம்.