செசமி ஸ்ட்ரீட்: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோவைக்குக் குடிபோன அலைச்சல் ஒருவழியாக ஓய்ந்தது என்பதும், மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டதால் பேரனைப் பகலில் நீயே பார்த்துக்கொள்கிறாய் என்பதும் அறிந்து மகிழ்ந்தேன். இங்கே மகள் வீட்டில் எல்லோரும் நலம். நியூ ஜெர்சியின் குளிர்தான் என் மூட்டுகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தொலைக்காட்சி காட்டலாமா, காட்டினால் எதைக் காட்டுவது என்று கேட்டிருந்தாய். பேத்தியோடு உட்கார்ந்து நான் பார்த்துவரும் ‘செசமி ஸ்ட்ரீட்’ பொம்மைத் தொடரைப் பற்றி எழுதினால் அதுவே பாதி பதிலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நாம் இருவரும் பாலர் வகுப்பிலேயே காலம் கழித்தவர்கள். பிள்ளை கவனிக்காவிட்டால் “விஷமம்” என்று பிள்ளையின் மேல் பழி போடுவதுதான் நம் பள்ளிகளின் வழக்கம். இந்தத் தொடரை உருவாக்கியவர்கள் அந்தப் பழியை முழுக்கத் தங்கள் மேல் போட்டுக்கொண்டார்கள் என்பதே என்னைக் கவர்ந்தது. 1966 பிப்ரவரியில் மன்ஹாட்டனில் ஜோன் கான்ஸ் கூனி என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளரின் வீட்டு விருந்துக்கு வந்திருந்த கார்னெகி அறக்கட்டளை அதிகாரி லாயிட் மாரிசெட், தம் சிறு மகள் அதிகாலையில் எழுந்து, ஒளிபரப்பு தொடங்குமுன் திரையில் தெரியும் சோதனைக் கோலத்தையே இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னாராம். இப்படி ஈர்க்கும் பெட்டி பிள்ளைகளுக்கு எதையாவது கற்றும் கொடுக்குமா என்ற பேச்சு அங்கே தொடங்கியது. பள்ளிக்குப் போகுமுன்பே பின்தங்கிவிடும் ஏழைக் குழந்தைகளை முதன்மையாக மனத்தில் வைத்து, அரசும் கார்னெகி, ஃபோர்டு அறக்கட்டளைகளும் சேர்ந்து தந்த சுமார் 80 லட்சம் டாலரில், 1969 நவம்பர் 10 அன்று தொடர் வெளிவந்தது. பிள்ளைகள் விளம்பரப் பாடல்களை மட்டும் பிசகாமல் பாடுவதைக் கூனி கவனித்திருந்தார். ஆகவே எழுத்துகளுக்கும் எண்களுக்கும் விளம்பரம் செய்தால் என்ன என்று எண்ணி, ஒவ்வொரு நாளும் இன்ன எழுத்தும் இன்ன எண்ணும் வழங்கும் நிகழ்ச்சி என்றே அறிவித்தார்கள்.

ஆனால் ஒளிபரப்புக்கு முன் நடந்த சோதனைதான் நீ அறியவேண்டியது. ஆய்வுப் பிரிவின் தலைவரான எட் பால்மர், குழந்தையை ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்காரவைத்து, பக்கத்திலேயே இன்னொரு திரையில் ஏழரை வினாடிக்கு ஒரு வண்ணப்படம் மாறும்படி அமைத்தார். குழந்தையின் கண் எந்தக் கணத்தில் நிகழ்ச்சியை விட்டு அந்தப் படத்துக்குத் தாவுகிறது என்று ஒருவர் விடாமல் குறித்துக்கொண்டே இருப்பார். 1969 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் மாதிரி நிகழ்ச்சிகளைக் காட்டியபோது, பொம்மைகள் வந்த பகுதிகளில் ஒட்டிக்கொண்டிருந்த கண்கள், மனிதர்கள் மட்டும் நடித்த தெருக் காட்சிகள் வந்தவுடன் விலகிவிட்டன. அந்தத் தெருவில் பொம்மையே இல்லாததற்குக் காரணம் இருந்தது: நிஜத்தையும் கற்பனையையும் கலந்தால் குழந்தை குழம்பிவிடும் என்று உளவியலாளர்கள் சொல்லியிருந்தார்கள். நிபுணர் சொல்லைவிடக் குழந்தையின் கண்ணை நம்புவது என்று முடிவுசெய்து, பொம்மைக் கலைஞர் ஜிம் ஹென்சனின் பொம்மைகளைத் தெருவுக்கே கொண்டுவந்தார்கள். பிக் பேர்டு என்ற மஞ்சள் பறவையும், குப்பைத்தொட்டியில் குடியிருக்கும் சிடுமூஞ்சி ஆஸ்கரும் அப்படிப் பிறந்தவர்கள்தாம். ஆஸ்கர் முதல் ஆண்டில் ஆரஞ்சு நிறம், பிறகுதான் பச்சை. இதைச் சொன்னபோது பேத்தி நம்பவே மறுத்துவிட்டாள்.

நீ பொம்மை தைத்து வகுப்பில் ஆட்டிக் காட்டியவள் என்பதால் இதையும் சொல்கிறேன். பிக் பேர்டின் உயரம் எட்டடிக்கும் மேல்; அதற்குள் இருந்து ஆட்டிய கேரல் ஸ்பின்னி தம் வலக்கையைத் தலைக்கு மேலே நீட்டி, அந்தக் கையாலேயே பறவையின் வாயைத் திறந்து மூடி, சுண்டுவிரலால் நெம்புகோலை அசைத்து அதன் கண்ணிமைகளையும் இயக்கினார். இடக்கை இடது சிறகுக்குள் இருக்கும். வலது சிறகுக்குக் கை மிச்சமில்லாததால், தூண்டில் நரம்பு ஒன்றைக் கழுத்தடியில் கோத்து இரண்டு சிறகையும் இணைத்திருந்தார்கள். இடது இறங்கினால் வலது ஏறும். வெளியே பார்க்க வழி கிடையாது. மார்பில் கட்டிய சிறு திரையில், வீட்டில் இருப்பவர் பார்க்கும் அதே காட்சியைப் பார்த்தபடி நடப்பார். 1969 முதல் 2018 வரை அந்தப் பறவை அவருடையதாகவே இருந்தது. கடைசி ஆண்டுகளில் உடல் இடங்கொடாததால் குரல் மட்டும் கொடுத்தார்.

அத்தனை கயிறும் கம்பியும் கடந்து அது ஓர் ஆறு வயதுப் பிள்ளையாகவே நமக்குத் தெரிவதை, ஹூப்பர் தாத்தாவின் மறைவைச் சொல்லும் பகுதியில் பார்க்கலாம். தெருமுனைக் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் காலமானார். அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று சமாளித்திருக்கலாம். வேறொரு நடிகரையும் போட்டிருக்கலாம். உண்மையையே சொல்வது என்று தீர்மானித்து, பெற்றோர் வீட்டில் இருக்கும் நன்றி நவிலல் நாளான 1983 நவம்பர் 24 அன்று ஒளிபரப்பினார்கள். பறவை எல்லோரையும் படம் வரைந்து ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே வருகிறது. ஒரு படம் மிஞ்சுகிறது. அவர் வந்ததும் கொடுப்பேன் என்கிறது. அவர் இறந்துவிட்டார், இறந்தவர்கள் திரும்பி வருவதில்லை என்று தெருவில் வசிக்கும் பெரியவர்கள் மெதுவாகச் சொல்கிறார்கள். ஏன் இப்படி இருக்கவேண்டும் என்று பறவை கேட்கும்போது, பெரியவர்களிடம் பதில் இல்லை. அது அப்படித்தான் என்று மட்டுமே ஒருவர் சொல்கிறார். சொர்க்கம், நட்சத்திரம் என்று எதுவும் சொல்லாமல் விட்டதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நம் வீடுகளில் சாவு விழுந்தால் முதலில் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோமே, அது சரிதானா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. தன் பெயரைச் சொல்லியே தன்னைப் பற்றிப் பேசும் எல்மோ என்ற பொம்மைக்குப் பிற்காலத்தில் இவ்வளவு இடம் கொடுத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி; பேத்தி எதிர்க்கட்சி. ஏழைப் பிள்ளைகளுக்கென்று பிறந்த தொடரின் புதிய பகுதிகள் 2016 முதல் சில ஆண்டுகள் எச்.பி.ஓ. என்ற தொலைக்காட்சிச் சேவைக்குக் கட்டணம் செலுத்தும் வீடுகளுக்கு முதலில் போய், ஒன்பது மாதம் கழித்தே பொது ஒளிபரப்புக்கு வந்ததை மட்டும் என்னால் ஏற்கமுடியவில்லை. பணத் தட்டுப்பாடு என்றார்கள், இருக்கலாம்.

பயன் இருந்ததா என்று கேட்பாய். தொடக்க காலத்தில் ஒளிபரப்புக் கோபுரத்தின் தூரத்தையும் அலைவரிசையையும் பொறுத்துச் சில ஊர்களில் படம் தெளிவாகவும் சில ஊர்களில் மங்கலாகவும் வந்தது. அந்த வேறுபாட்டை வைத்து மெலிசா கியர்னி, ஃபிலிப் லெவின் என்ற பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, தெளிவாகக் கிடைத்த ஊர்ப் பிள்ளைகள் தம் வயதுக்குரிய வகுப்பில் பின்தங்காமல் படித்தது கூடுதலாகத் தெரிந்தது. அவர்கள் வளர்ந்தபின் வாழ்க்கையில் அது என்ன மாற்றம் செய்தது என்பதில் தெளிவான முடிவு கிடைக்கவில்லை.

இந்தியாவில் 2006 முதல் ‘கலி கலி சிம் சிம்’ என்ற பெயரில் இந்தியில் வந்தது. பள்ளிச் சீருடை அணிந்த சம்கி அதில் முக்கியப் பொம்மை. உன் பேரனுக்கு மொழி புரியாது என்றாலும் சம்கியை ஒருமுறை காட்டிப் பார். பால்மரைப் போல நீயும் திரையை விட்டுவிட்டு அவன் கண்ணைக் கவனித்து, எந்த இடத்தில் திரும்பிவிடுகிறான் என்று அடுத்த கடிதத்தில் எழுது. பழைய கையுறைப் பொம்மைகளைக் கோவைக்கு எடுத்துவந்தாயா என்பதையும் மறக்காமல் தெரிவி.

என்றும் அன்புடன்,
உன் தோழி