மழைக் கணக்கு லயத்துக்கும் வரட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நைசார் செய்மதியைப் பற்றி உங்கள் விஞ்ஞானப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்து, 2025 ஜூலை 30ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய செய்மதி அது. அதன் ராடாருக்கு முகிலும் தடையில்லை, இருட்டும் தடையில்லை. 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி வந்து, முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, நிலம் ஒரு சென்டிமீற்றர் அளவு நகர்ந்திருந்தாலும் காட்டிவிடும். இலங்கையின் மலையகத்தில் அதை வாசிக்கும் யாருக்கும் முதலில் தோன்றும் கேள்வி, எங்கள் மலையும் அதில் தெரியுமா என்பதுதான்.

தெரியும். மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும் சரிவுகளை முன்கூட்டியே அடையாளம் காண அது உதவும். மரம் செடிகளை ஊடுருவக்கூடிய நீண்ட அலையை அது பயன்படுத்துவதால், பச்சை மூடிய எங்கள் மலைகளுக்கு இன்னும் பொருத்தம். இதில் எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால், 12 நாளுக்கு ஒருமுறை வரும் செய்மதி, அடைமழையில் நடுச்சாமத்தில் மலை உடையப்போவதை வந்து சொல்லாது. அந்த இரவுக்கு வேண்டியது மழைமானி.

மலை சரிவது இப்படித்தான்: மழையில் மண் துகள்களுக்கு இடையில் தண்ணீர் நிறைந்து அழுத்தம் கூடும்போது, அவை ஒன்றையொன்று பிடித்திருக்கும் உராய்வு குறைகிறது. மண்ணின் பாரமும் ஏறுகிறது. ஒரு ஏக்கரில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறக்குறைய 6 இலட்சம் லீற்றர் தண்ணீர், அதாவது 600 தொன். கான்கள், அதாவது மழைநீர் வடியும் வாய்க்கால்கள், தூர்ந்து கிடந்தால் அதில் பெரும்பங்கு ஓடிப்போக வழியில்லாமல் மலைக்குள்ளேயே இறங்கும். தேயிலையில் ஆள் குறைந்து, கான் வெட்டும் வேலை பின்னுக்குப் போன தோட்டங்களில் வாழ்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மண்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதை எளிமையான இலக்கங்களாக்கித் தந்திருக்கிறது. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். எட்டாம் தரப் பிள்ளைக்கும் புரியும் விஞ்ஞானம் இது. ஆனால் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவர்களுக்கு, நேற்றிரவு எத்தனை மில்லிமீற்றர் பெய்தது என்று யார் சொல்கிறார்கள்? பல தோட்டங்களில் அலுவலகத்துப் பக்கம் மழைமானி இருக்கிறது. கொழுந்துக் கணக்கைப் போல மழைக் கணக்கையும் காலையில் எழுதி வைக்கிறார்கள். அந்தக் கணக்கு அலுவலகத்துப் புத்தகத்திலேயே நின்றுவிடுகிறது. காலையில் தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் ஒரு கரும்பலகை வைத்து அதை எழுதிப்போட என்ன செலவாகும்?

கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தை நாங்கள் மறக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் அங்கே லயங்கள் மண்ணோடு போயின. அந்த இடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. விஞ்ஞானம் தன் வேலையைச் செய்திருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. அந்த நாட்களில் எங்கள் பக்கத்துக்கு வந்த அறிவித்தல்களில் சில சிங்களத்தில் மட்டும் இருந்தன. யாராவது மொழிபெயர்த்துத் தொலைபேசியில் அனுப்பும் வரைக்கும் ஆட்கள் காத்திருந்தார்கள். உயிர் பிழைக்க வேண்டிய செய்தியை இப்படியா தருவது?

சரி, அறிவித்தல் தமிழிலேயே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெளியேறு என்றால் எங்கே போவது? காணி இல்லாதவர்களுக்கு வேறு வீடு ஏது? கோயில் மண்டபத்திலோ பாடசாலையிலோ சில இரவுகள் படுத்துவிட்டு, மழை விட்டதும் அதே லயத்துக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. இரண்டு தடவை வெளியேறி ஒன்றும் நடக்காவிட்டால் மூன்றாம் தடவை மாமியாரும் பாட்டியும் அசைய மாட்டார்கள். அவர்களை அறியாமை என்று ஏசுவது எனக்குப் பிடிப்பதில்லை. பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் கொடுப்பதையும் எச்சரிக்கை முறையின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும்.

வானிலைக் கணிப்பிலும் பெரிய மாற்றங்கள் நடக்கின்றன. கூகுள் டீப்மைண்ட் 2023இல் வெளியிட்ட கிராஃப்காஸ்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி, 10 நாள் கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் தந்துவிடுகிறது. ஆனாலும் மலைநாட்டில் ஒரு மலைக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் வெயிலடிக்கும். உலகத்துக்கே பொதுவான கணிப்பு, எங்கள் டிவிஷனில் உண்மையில் பெய்ததை அளப்பதற்கு ஈடாகாது. ஆகவே ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் ஒரு மழைமானி வேண்டும். நல்லது வாங்கப் பணமில்லாவிட்டால், பக்கம் நேராக உள்ள ஒரு பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்து வைத்து, ஓர் அடிமட்டத்தை ஒட்டினாலும் ஓரளவு சரியாக அளக்கலாம். மரத்துக்கோ கூரைக்கோ கீழே வைக்கக் கூடாது, அவ்வளவுதான். பிள்ளைகள் அளந்து வீட்டில் சொல்வார்கள். அப்புறம் அந்த வீடே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடும்.

உங்கள் இதழிடமும் ஒரு கோரிக்கை. மே, ஜூனிலும் ஒக்டோபர், நவம்பரிலும் விஞ்ஞானப் பக்கத்தின் ஓரத்தில் அந்த மூன்று இலக்கங்களையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி எண்ணான 117ஐயும் வாரம் தவறாமல் போடுங்கள். கூடவே அறிகுறிகளையும் போடுங்கள்: சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுவது, மரங்களும் கம்பங்களும் சாய்வது, ஊற்று கலங்கி வருவது அல்லது இல்லாத இடத்தில் கிளம்புவது. வெட்டிச் சுவரில் ஒட்டக்கூடிய அளவுக்குப் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
ஹட்டன்.