முட்டை மிதக்கும் வரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் நிம்மதி. எனக்கு மூட்டுவலி தவிர வேறு குறையில்லை. சம்பாவுக்கு நாற்று விட்டாயிற்று. இந்த வருஷமும் பொன்மணி நெல்தான்.

ஒரு விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நான் ரிட்டையர் ஆன பிறகு நம் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ தொழிற்கல்வியின் வேளாண் குரூப்புக்கு வாத்தியாரே வரவில்லை. உயிரியல் சார் பாவம், புத்தகத்தை வாசிக்கவிட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் குறைந்து, குரூப்பையே மூடிவிடலாம் என்ற பேச்சு வந்துவிட்டது. இந்த ஜூனில் ஒரு பெண் வந்திருக்கிறாள். பி.எஸ்ஸி. அக்ரி, நம் மகள் வயசு. தொகுப்பூதியம், தற்காலிகம். கேட்டதும் நம் காலம்தான் ஞாபகம் வந்தது. 1978இல் பிளஸ் டூவும் தொழிற்கல்வியும் வந்து, பகுதி நேரம், இரட்டைப் பகுதி நேரம் என்று இழுத்து, நமக்கு நிரந்தரம் ஆனது 1990இல்தானே. இத்தனை வருஷம் கழித்தும் அதே வாசலில்தான் ஒரு பிள்ளையை நிற்க வைத்திருக்கிறார்கள்.

"ஐயா, ஒருநாள் என் வகுப்பைப் பாருங்க" என்று கூப்பிட்டாள். போனேன். அன்றைக்கு விதைத்தேர்வுப் பாடம்: உப்புத் தண்ணீரில் நெல்லைக் கொட்டிப் பதரை மிதக்கவிட்டு நல்ல விதையைப் பிரிப்பது. உப்பு போதுமா என்று முட்டைதான் காட்டும். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரை கிலோ உப்பு என்று போர்டில் எழுதினாள், கரைத்தாள், முட்டையை விட்டாள், மிதந்தது. பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒரு தப்பும் இல்லை, ஆனால் ஒரு கண்ணிலும் வெளிச்சம் இல்லை.

மறுநாள் ஒன்று மட்டும் சொன்னேன்: "உப்பைக் கடைசி பெஞ்சுப் பையனிடம் கொடும்மா, நீ வாயைத் திறக்காதே." அவன் முட்டையைத் தண்ணீரில் விட்டான், அடியில் போய்ப் படுத்தது. ஒரு கை உப்பு போட்டுக் கலக்கினான், அசையவில்லை. இன்னும் நாலைந்து கை. முட்டை மெல்ல நிமிர்ந்து நின்றதும் பெஞ்சில் ஒருவரும் இல்லை, எல்லாரும் வாளியைச் சுற்றி. மேலே வந்து தலை காட்டியது. நாலணா அளவு தெரிய வேண்டும் என்றேன். நாலணாவை அவர்கள் எங்கே பார்த்தார்கள்! ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் சின்னது என்று விளக்கினேன். விதையைக் கொட்டியதும் பதர் மேலே திரண்டது. அள்ளி எடுத்த பெண் கேட்டாள்: "மிஸ், உப்பு பட்டா விதை முளைக்குமா?"

நம்ம டீச்சருக்குப் பதில் தெரியும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டால் போதும். ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை, மாப்பிள்ளை! "அலசினது ஒரு தட்டு, அலசாதது ஒரு தட்டு, ரெண்டையும் போட்டுப் பார்ப்போம்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள்.

இதை அவளுக்கு முன்னாடியே யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். நாலு வருஷப் படிப்பில் ராவே என்கிற கிராமப்புற வேளாண் பணி அனுபவப் பயிற்சிக்காக விவசாயி வீட்டு வயலுக்கு அனுப்புகிறார்கள், நல்லதுதான். பதினாறு வயசுப் பிள்ளைகள் முப்பது பேர் முன்னால் நிற்கப் பழக்குவது யார்? 1963இல் மைசூர், போபால், புவனேஸ்வர், அஜ்மீர் என்று நாலு ஊரில் மண்டலக் கல்வியியல் கல்லூரி தொடங்கினார்களே, பொதுப்பாடத்தோடு தொழிலும் கற்றுத்தந்த பல்நோக்குப் பள்ளிகளுக்கு வேளாண்மை, தொழில்நுட்பம் சொல்லித்தரும் வாத்தியார்களை உருவாக்கத்தான். அந்தப் பள்ளிகள் நிலைக்கவில்லை, அவற்றோடு அந்த எண்ணமும் போயிற்று.

ஆள் எடுப்பதும் அப்படித்தான். அக்ரி படித்த கெட்டிக்காரப் பிள்ளைகள் வேளாண் அலுவலர் தேர்வுக்கும் வங்கி வேலைக்கும் படிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எப்போது வருமென்று தெரியாத அறிவிப்புக்கும் நிலையில்லாத சம்பளத்துக்கும் யார் காத்திருப்பார்கள்? என்னைக் கேட்டால், ராவே மாதிரியே ஒரு பருவம் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்ப வேண்டும். பிடித்தவர்கள் அங்கேயே தெரிந்துவிடுவார்கள், அவர்களை விடாமல் எடுத்துக்கொள்ளலாம். நம் குரூப்பில் படித்த பிள்ளைகளுக்கு வேளாண் கல்லூரியில் தனி ஒதுக்கீடு இருக்கிறதே, அப்படிப் போய்ப் படித்தவர்களில் நாலு பேர் திரும்பி வகுப்புக்கு வந்தாலே எவ்வளவு பெரிய விஷயம்!

நாலாம் நாள் தட்டுகளைப் பார்க்கப் போனேன். அலசின தட்டில் வெள்ளை முளை நெருக்கமாக நின்றது. மற்றதில் அங்கொன்று இங்கொன்று. பிள்ளைகள் எண்ணி எழுதிவைத்திருந்தார்கள்.

அடுத்து ஒட்டுக்கட்டுதல் நடத்த வேண்டுமாம். புத்தகத்தில் படித்திருக்கிறாள், கை பழகவில்லை என்று கூச்சப்படாமல் சொன்னாள். எனக்கு இப்போது கை நடுங்குகிறது. இளந்தண்டு ஒட்டில் உன்னைவிட ஆள் யார்? டாக்டர் பயணம் போகலாம் என்றதும் இரண்டு நாள் வந்து தங்கு. மாங்கன்றுகளை நான் ஏற்பாடு செய்கிறேன், உன் கத்தியை மட்டும் எடுத்து வா.

உன்,
பழைய ஹாஸ்டல் அறைத் தோழன்