அழுத்த முடியாதவருக்கும் அழைப்பு மணி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் ஊர்ப் பொது வார்டுகளில் நர்ஸை அழைக்கும் மணி வேலை செய்யாவிட்டாலும் யாரும் கவனிப்பதில்லை. நோயாளிக்குத் துணையாக இருக்கும் அட்டெண்டர் எழுந்துபோய் "சிஸ்டர்" என்று கூப்பிட்டுவிடுகிறார். ஐசியுவில் அட்டெண்டருக்கு இடமில்லை. தொண்டையில் குழாய் போட்டவருக்குக் குரலும் இல்லை. அவருக்கு மிச்சமிருப்பது அந்தப் பொத்தான் மட்டும்தான். அதை வாங்கும்போது விலையைத் தவிர வேறெதையும் நாம் பார்ப்பதில்லை.

மணியின் ஒயர் பெரும்பாலும் அறுவது, அது பொத்தான் உள்ள கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில். கட்டில் கம்பியில் சுற்றி வைக்கிறார்கள். பக்கத் தடுப்பை இறக்கும்போது நசுங்குகிறது. மலிவான மணிக்கு அறுந்த ஒயரும் அழுத்தாத பொத்தானும் ஒன்றுதான். இரண்டிலும் மௌனம். பொத்தானுக்கு இணையாக ஒரு ரெசிஸ்டர் (மின்சாரத்தைக் குறைத்து விடும் சிறு பாகம்) வைத்து, ஓடும் மின்சாரத்தைக் கருவி கண்காணித்தால் போதும். எப்போதும் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். அது கூடினால் அழைப்பு, நின்றால் பழுது என்று கருவியே பிரித்துச் சொல்லும். ஒயரின் நுனியில் உள்ள ஜாக் சுவரிலிருந்து கழன்றாலும் நர்ஸ் ஸ்டேஷனில் ஒலிக்கும். ரெசிஸ்டர் ஓரிரு ரூபாய்தான். ஆனால் அது கைப்பிடிக்குள்ளேயே இருக்க வேண்டும். சுவர்ப் பெட்டியில் வைத்தால் ஒயர் அறுந்தது தெரியவே தெரியாது.

அடுத்தது கை. கட்டைவிரலால் அழுத்தும் சிறு பொத்தான், பக்கவாதம் வந்தவர்கள், கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் பலருக்கும் பயன்படாது. லேசாகக் கன்னமோ முழங்கையோ பட்டாலே வேலை செய்யும் உள்ளங்கை அகலத் தட்டு, ஊதினால் இயங்கும் குழாய் ஆகியவை இருக்கின்றன. பல மணிகளில் உள்ள 6.35 மி.மீ. ஜாக்கிலேயே இவற்றையும் செருகலாம். முழு அமைப்பையும் மாற்றத் தேவையில்லை. இயக்கினால் மின்சுற்று இணையும் வகையா, துண்டிக்கும் வகையா, அது நம் மணிக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் முதலில் பார்க்க வேண்டும், இல்லையேல் மணி ஓயாமல் அடிக்கும். இத்தகைய மாற்றுக் கருவிகளை வார்டுக்கு இரண்டு வைத்திருந்தால் நல்லது. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் பலர் தம் இடப்பக்கத்தில் இருப்பதையே உணர மாட்டார்கள். அவர்களுக்கு மணியை இடப்பக்கம் கட்டுவது கட்டாமல் விடுவதற்குச் சமம்.

கழிவறையில் உதவிக்கு அழைக்க இழுக்கும் கயிறு, தரையிலிருந்து 10 செ.மீ. வரை தொங்க வேண்டும். வழுக்கி விழுந்தவர் படுத்தபடியே இழுப்பதற்குத்தான் அது. நடைமுறையில் தரை துடைக்க இடைஞ்சல் என்று மேலே முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். நீர் உறிஞ்சாத, துடைக்கக்கூடிய கயிறு போட்டால் முடிச்சுக்கே காரணம் இருக்காது.

அழைப்பை ரத்து செய்யும் பொத்தான் கட்டிலருகே மட்டும் இருக்கட்டும். ஸ்டேஷனிலேயே நிறுத்த முடிந்தால், வேலை நெருக்கடியில் சத்தத்தை நிறுத்திவிட்டு, அழைத்தவரை மறந்துபோவது நடக்கும். அதற்கு நர்ஸைக் குறை சொல்வது நியாயமல்ல. வயர்லெஸ் மணி என்றால், தான் உயிரோடு இருப்பதையும் பேட்டரி நிலையையும் அதுவே அவ்வப்போது அறிவிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் வீட்டு வாசல் மணிகளில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது. மேலும் அவை போர்வையோடு சுருண்டு சலவைக்குப் போய்விடுகின்றன.

டெண்டர் எழுதும் அதிகாரிகள் இவற்றை நிபந்தனைகளாகச் சேர்க்க வேண்டும். பொருளை ஏற்கும் முன் பொத்தானை அழுத்தி, அறைக் கதவின் மேல் உள்ள அழைப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்து, ரத்து செய்து, பிறகு ஜாக்கைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதும் ஸ்டேஷனில் ஒலிக்காத கருவியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
மருத்துவக் கருவிப் பராமரிப்புப் பொறியாளர்கள்,
மதுரை