ஜூலை வேண்டாம் கண்ணு, மார்ச்சில் வா

அன்புள்ள கண்ணு,

இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. நடவு முடிந்துவிட்டது, எனக்கும் கை சும்மா இருக்கிறது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டிவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

உன் பையனுக்கு அங்கே கனடாவில் ஜூலையில் பெரிய லீவு, அப்போது ஊருக்கு வந்து நீலகிரியில் டிரவுட் மீன் பிடிக்கப் போகலாம் என்றாய். உங்கம்மா அன்றைக்கே மாடியைக் கூட்ட ஆரம்பித்துவிட்டாள். நான்தான் யோசித்தேன். ஜூலை, ஆகஸ்டில் நீலகிரியில் குந்தாப் பக்கம் எப்படி இருக்கும் என்று உனக்கு மறந்துபோய்விட்டது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம்மூரில் ஒரு வருசம் முழுக்கப் பெய்தாலும் அந்த அளவு வருவது அபூர்வம். அந்த மழையில் ஓடை எல்லாம் செந்தண்ணியாகத்தான் ஓடும். பூச்சி மிதந்து வருவது மீனுக்கே தெரியாது, நீ வீசுவது எங்கே தெரியப்போகிறது? ஐப்பசி, கார்த்திகை என்றால் மலைப்பாதையில் மண் சரிவு. மார்கழி, தையில் உறைபனி. அதோடு அதுதான் டிரவுட் முட்டையிடுகிற காலம், அப்போது போய்த் தொந்தரவு பண்ணுவது எனக்குப் பிடிக்கவில்லை. மே மாசம் ஊட்டி ரோட்டில் வண்டிக்குப் பின்னால் வண்டி நிற்கும்.

மார்ச் கடைசியில் பையனுக்கு ரெண்டு வாரம் லீவு உண்டு என்று மருமகள் உங்கம்மாவிடம் சொன்னாளாம். அதுதான் சரி. தண்ணி தெளிந்து கிடக்கும். எனக்கும் நெல்லறுப்பு முடிந்திருக்கும், மஞ்சளும் வேகவைத்துக் காயப்போட்டாகியிருக்கும். நாள் ஒத்து வந்தால் பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் மிதிப்பதையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

ஆனால் டிக்கெட் போட்டுவிடாதே. முதலில் அனுமதிச் சீட்டு என் கையில் வரட்டும். ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று உனக்கே தெரியும். நீ ஏழாவது படிக்கும்போது உன்னை எமரால்டு வரைக்கும் கூட்டிப்போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தேனே! செக்போஸ்ட்டில் அந்த ஃபாரஸ்ட் கார்டு மரியாதையாகத்தான் கேட்டார்: "மீன் பிடிக்கச் சீட்டு இருக்குங்களா?" நம்மூர் தடப்பள்ளி வாய்க்காலில் யாரிடம் சீட்டு கேட்டோம் என்ற நினைப்பில் நான் ஏதோ பேசப் போய், காரியம் கெட்டது. தப்பு என்மேல்தான். திரும்புகிற பஸ்ஸில் நீ அந்த மூங்கில் தூண்டிலை விடாமல் பிடித்திருந்தாய். அதன் நுனி கண்டக்டர் முதுகில் குத்திக்கொண்டே வந்தது, அவரும் குன்னூர் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மயில் இறகுக் காம்பில் நான் சீவிக் கட்டிய தக்கை எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. நீ அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அதனால் இந்தத் தடவை முறைப்படி போகிறோம். ஊட்டியில் மீன்வளத்துறை ஆபீஸுக்குத் தை பிறந்ததும் நானே நேரில் போகிறேன். வனத்துறைக்குத் தனியாக விண்ணப்பம். எந்த ஓடை, எத்தனை நாள், எத்தனை மீன் எடுக்கலாம் என்பதெல்லாம் அவர்கள் தாளில் எழுதித் தருகிறபடிதான். நெட்டில் யாரோ போட்ட படத்தைப் பார்த்து இந்த ஓடை, அந்த ஓடை என்று எனக்கு அனுப்பாதே. முக்குருத்தி தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் பேச்சே வேண்டாம். இன்னொன்று, மாசி, பங்குனியில் காட்டுத்தீ பயம் வந்தால் காட்டுக்குள் ஆளே விடமாட்டார்கள். அப்படி ஆனால் எமரால்டு அணையையும் அவலாஞ்சி மீன் பண்ணையையும் பார்க்க விடுகிறவரைக்கும் பார்த்துவிட்டு வருவோம், முகத்தைத் தூக்கக் கூடாது. கரையில் தீ மூட்டி மீன் சுடுவதாக உன் நண்பன் சொன்னானே, அது உங்கள் கனடாவில் வைத்துக்கொள்ளட்டும்.

கனடா என்றதும் ஒரு விஷயம். நீ தேடி வருகிற வானவில் டிரவுட் உன் ஊர் மீன்தான், தெரியுமா? வட அமெரிக்காவின் மேற்குக் கடலோர ஆறுகள்தான் அதற்குச் சொந்த ஊர். 1863இல் பிரான்சிஸ் டே என்ற வைத்தியர் சீமையிலிருந்து டிரவுட்டைக் கொண்டுவந்து நீலகிரியில் விட முயன்றார், பிழைக்கவில்லை. அப்புறம் பலர் முயன்று, 1907இல் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கிற பண்ணை வைத்த பிறகுதான் நிலைத்தது. அந்த அவலாஞ்சி, எமரால்டு அணைகள் சேர்ந்த குந்தா மின்திட்டம் கனடா நாட்டு உதவியோடு கட்டியது. அந்தத் தண்ணி சுரங்கம் வழியாக இறங்கி, மின்சாரம் எடுத்து, பில்லூர் அணைக்கு வந்து, பவானி ஆற்றில் கலந்து, கொடிவேரி அணைக்கட்டு வழியாக நம் வாய்க்காலுக்கு வருகிறது. தண்ணி வருகிறது, மீன் வராது. 20 டிகிரியைத் தாண்டினால் அதற்கு மூச்சுத் திணறும். சித்திரையில் நம் வாய்க்காலில் கால் வைத்துப் பார், உனக்கே தெரியும்.

மண்புழு, ராகி மாவு உருண்டை எல்லாம் இங்கே கெண்டைக்கும் கெளுத்திக்கும். அங்கே நீ தூண்டில் முள்ளில் இறகு சுற்றிக் கட்டுகிற அந்தப் பொய்ப் பூச்சிதான் சரி என்கிறார்கள், உனக்குத்தான் பழக்கம். எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது: டிரவுட் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும், மிதந்து வருவதற்காகக் காத்திருக்கும். அப்படியானால் கீழிருந்து, அதன் முதுகுப் பக்கமாகப் போக வேண்டும், நிழல் தண்ணியில் விழக் கூடாது. பையனுக்கு இப்போதே சொல்லிக் கொடு. பிடித்த மீனைத் திருப்பி விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும், காய்ந்த கை பட்டால் மேலிருக்கிற வழவழப்பு போய்விடும் என்பதையும் சொல். இது நான் அறுபது வருசம் தெரியாமல் செய்த தப்பு. எத்தனை கெண்டையைக் கெடுத்தேனோ.

எடுக்க அனுமதி இருந்தால் ரெண்டு மீன் போதும். உங்கம்மா மிளகும் மஞ்சளும் மட்டும் போட்டு வறுக்கிறேன் என்கிறாள்.

வண்டி நம்முடையதே போதும். சத்தி வழியாக மேட்டுப்பாளையம், அங்கிருந்து குன்னூர். மலை ஏறுகிற வண்டிக்கான இ-பாஸ் நானே எடுத்துவிடுகிறேன். தண்ணிக்கு எவர்சில்வர் பாட்டில், பிளாஸ்டிக் பாட்டிலை மேலே விடமாட்டார்கள். உங்கம்மாவும் வருகிறாளாம். காட்டுக்குள் பவானியம்மன் கோயில் இருக்கிறதே, அதற்கு வனத்துறை வண்டி போனால் அவள் அதில் போவாள். மீன் பக்கம் வரமாட்டாள்.

என் முழங்காலைப் பற்றிக் கேட்டாய். வழுக்குப் பாறையில் இறங்கமாட்டேன். கரையில் உட்கார்ந்து பையனைப் பார்த்துக்கொள்கிறேன். மயில் இறகு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், உன் பூச்சித் தூண்டிலுக்குத் தக்கை வேண்டாம் என்று தெரியும், இருந்தாலும்.

பையனின் கால் அளவு என்ன என்று எழுது. சின்ன ரப்பர் பூட்ஸ் கோபியில் கிடைப்பதில்லை, ஈரோடு போகிறபோது பார்க்கிறேன். "அப்பாரு வாங்கி வைப்பார்" என்று சொல்லிவிடாதே, கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா